கழுவாத வடிதாள்

பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே, அதுதான் சம்பூர்ணத்துக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது. காகிதத்தை மேஜைமேல் வைத்தார், சரி. அதன்மேல் பேனாவை வைத்தார், அதுவும் சரி. மூடியையும் தானே கழற்றிப் பக்கத்தில் வைத்து, "பன்னெண்டு மணிக்குள்ள ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேடம், நாளைக்குத் திறப்பு விழா, தலைவர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் கோகுலவாசன் தன் அறைக்குப் போனபோது மணி பதினொன்று. மை காய்ந்துபோகுமே என்றுகூட நினைக்காத மனிதர் மண்ணியலில் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார். காகிதத்தில் மேலே ஒரே ஒரு வரி: மண்ணிலுள்ள நைட்ரேட்டை அளப்பதில் புதிய மின்முனைக் கருவியும் பழைய வடிமுறையும் ஒத்துப்போகின்றன. அதற்குக் கீழே முப்பது மண்ணுக்கு இரண்டிரண்டு எண்கள். கடைசியில் 'ஒப்பிட்டுப் பார்த்தவர்' என்று போட்டு ஒரு கோடு. அந்தக் கோட்டின்மேல் அவள் பெயர் ஏற வேண்டும். ஏறிவிட்டால் நாளை முதல் இந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் வடிப்பது நின்றுவிடும். கருவி சொல்கிற எண்ணே அட்டையில் அச்சாகி விவசாயிகளின் கைக்குப் போகும். ஒத்துப்போகின்றனவாம். முப்பதில் ஆறு மண்ணில் கருவி இவள் எண்ணைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சொல்கிறது. இப்படி ஒத்துப்போகிற புருஷன் பெண்டாட்டியை அவள் கோர்ட்டு வாசலில்தான் பார்த்திருக்கிறாள். மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வந்தது, நாக்கு பாதியில் நின்றுவிட்டது, ஏன் நின்றது என்று அவளுக்குத்தான் தெரியும். சம்பூர்ணம் பேனாவை எடுத்து மூடியைப் போட்டு மூடினாள். பிறகு எழுந்துபோய், சுவரோரம் நின்ற, நீராவி விட்டு வடிக்கிற கண்ணாடிச் சாமானுக்கு அடியில் ஹீட்டரைப் போட்டாள்.

தண்ணீர் கொதிக்க எட்டு நிமிஷமாவது ஆகும். இன்று அவள் வடிக்கப் போவது மண்ணை அல்ல, வெறும் தாளை. மண்ணிலுள்ள நைட்ரேட்டைக் கரைத்து எடுக்கிற கரைசலை மண்ணே போடாமல், மண்சாற்றை வடிகட்டுகிற வடிதாளில், வெள்ளிக்கிழமை பிரித்த கட்டில் மிச்சமிருந்த ஒன்றின் வழியாகக் காலையில் இறக்கி வைத்திருந்தாள். அதில் நைட்ரேட் இருக்கக் கூடாது. இருந்தால் அது தாளிலிருந்து வந்தது. தாளிலிருந்து வந்தால் அவள் தலைமேல் வந்தது. ஏனென்றால் புதுக் கட்டுப் பிரித்தால் தாள்களை முதலில் அதே கரைசலில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, தொட்டிக்கு மேலே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்து, அப்புறம்தான் எடுக்க வேண்டும் என்பது இந்தக் கூடத்தின் சட்டம். தாளிலேயே நைட்ரேட் ஒட்டிக்கொண்டு வரும், வெளுக்கும்போது சேர்ந்ததோ, கிடங்கில் காற்றிலிருந்து ஏறியதோ, யார் கண்டது. அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அவள்தான். அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, அவள் கையெழுத்திலேயே, கீழே இரண்டு கோடு வேறு. பதின்மூன்று மண் முடிந்ததும் பழைய கட்டு தீர்ந்துபோனது. அது வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. திங்கட்கிழமை முப்பதும் வேண்டும் என்று டாக்டர் அதற்குள் மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டார். அவள் புதுக் கட்டைப் பிரித்தாள். பிரித்தது நினைவிருக்கிறது, உள்ளே இருந்த மெல்லிய நீலக் காகிதம் நினைவிருக்கிறது. கழுவினாளா? கழுவியதாகத்தான் கண்ணுக்குள் வருகிறது. கயிற்றில் வட்ட வட்டமாகத் தாள்கள், மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடுகின்றன, கீழே தொட்டியில் சொட்டுகிறது. ஆனால் அந்த நினைவில் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்கிறது. போன வெள்ளிக்கிழமை ஏது மழை? அது ஐப்பசியில் கழுவிய கட்டு. அப்படியானால் இந்தக் கட்டு? மறுபடி நீலக் காகிதத்திலிருந்து ஆரம்பித்தாள். பிரித்தாள், கட்டை மேஜைமேல் வைத்தாள், அப்புறம் மறுபடி அந்த மழை வந்து நிற்கிறது. கழுவுவது பழகிப்போன வேலை. பல் தேய்த்தோமா என்று பஸ்ஸில் போகும்போது யோசித்தால் யாருக்காவது தெரியுமா? 'ஒரு தடவைதானே' என்று நினைத்தது மட்டும் எங்கோ நினைவிருக்கிறது, ஆனால் அதைத் தாளைப் பார்த்து நினைத்தாளா, மத்தியானம் வெயிலில் கடைக்குக் குடையில்லாமல் போனபோது நினைத்தாளா என்பது பிடிபடவில்லை.

டாக்டர் நேற்று அங்கேதான் கை வைத்தார். ஆள் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. "பதிமூணு வரைக்கும் உங்க நம்பரும் மெஷின் நம்பரும் ஒண்ணா இருக்கு. பதினாலுலேர்ந்து உங்க கை ஆடுது மேடம். பதினோரு மண்ணுல நீங்க நாலு ஜாஸ்தி சொல்றீங்க, ஆறு மண்ணுல ரொம்பக் குறைச்சு சொல்றீங்க. மெஷினுக்குக் கை கிடையாது, ஆடாது." இவள் அந்த ஆறும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர் பாய்கிற காடுகள் சார், உப்பிலிருக்கிற குளோரைடைத் தொட்டாலும் கருவியின் அந்த மின்முனைக் குச்சி நைட்ரேட் என்றுதான் எண்ணிக்கொள்ளும் சார், என்று சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. "அதுக்கெல்லாம் கம்பெனியில சரிபண்ணித்தான் குடுத்துருக்காங்க." சரி, அந்தப் பதினொன்றில் நாலு ஜாஸ்தி வந்தது ஏன்? நேற்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தபோதுதான் நீலக் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது, அதோடு சோறு இறங்கவில்லை. அவளுக்குக் கருவிமேல் கோபமே கிடையாது. ஒரு நாளைக்கு எட்டு மண்ணுக்குமேல் வடிக்க முடியாமல் முதுகு ஒடிய நின்றவள், மண்ணைக் கலக்கிக் குச்சியை முக்கினால் இரண்டு நிமிஷத்தில் எண் வருகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவள் அவள்தான். பெட்டியைப் பிரித்த அன்று குங்குமம் வைத்ததும் அவள் கைதான். வடிமுறைக்கு முன்னால் இருந்த, மஞ்சள் நிறத்தை வைத்து அளக்கிற முறையைத் தூக்கிப் போட்டபோதும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுவும் உப்பு மண்ணில் பொய்தான் சொல்லும், இதற்கு நேர் எதிரான பொய், ஆசிட் ஊற்றியதும் நைட்ரேட்டில் பாதி ஆவியாகப் போய்விட மஞ்சள் வெளிறிப்போய், இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஒன்று கூட்டிச் சொல்லும், ஒன்று குறைத்துச் சொல்லும் என்று டாக்டரிடம் விளக்கியதற்கு, "அப்ப ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துடுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

பாய்லரில் முதல் குமிழிகள் கிளம்பின. வெளியே வராந்தா பெஞ்சில் மாராத்தாள் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. அந்தம்மாளுக்கு மெதுவாகப் பேசவே வராது. சவுட்டுக்காட்டிலிருந்து ஒன்பது மணி பஸ்ஸுக்கு வந்தவள். அவளுடைய மண்தான் இருபத்தேழாம் எண், அந்த ஆறில் ஒன்று. "மக்காச்சோளம் மொழங்கால் ஒசரம் நிக்குதுங்க அம்மிணி. நாளைக்கு என்ற மொறைத் தண்ணி. கூட்டுக் கெணறு, உட்டா அப்பறம் எட்டு நாளு. யூரியா போடறதுன்னா நாளைத் தண்ணியிலயே போட்டறோணும். போடோணுமா வேண்டாமான்னு மட்டும் சொல்லிப் போடுங்க, நான் பாட்டுக்குப் போயிக்கறேன்" என்று காலையில் இவளைப் பிடித்துக்கொண்டாள். இருபதுக்குமேல் இருந்தால் போட வேண்டியதில்லை. கருவி முப்பத்தெட்டு என்கிறது. சம்பூர்ணத்தின் வடிமுறை பதினாலு என்கிறது. முப்பத்தெட்டை நம்பி இந்த அம்மாள் சும்மா இருந்தால் இன்னும் பத்து நாளில் அடி இலை நுனியிலிருந்து மஞ்சள் கட்டும், அப்புறம் எதைக் கொட்டினாலும் கதிர் பாதி மணிதான் பிடிக்கும். அந்தக் காட்டைவிட்டால் அவளுக்கு வேறு காடு கிடையாது. அட்டையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து சண்டை போடவும் மாட்டாள். மண்ணு சரியில்லை, என்ற தலையெழுத்து என்று போய்விடுவாள். அப்படிப் போய்விடுகிறவர்களை நினைத்தால்தான் சம்பூர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு எண் தப்பாக எழுதினால் யாரும் வந்து கேட்பதில்லை, அதனால்தான் இந்த வேலையில் எண்ணைத் தப்பாக எழுதுவது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. ஆனால் தாள் குற்றவாளி என்றால் அவளுடைய பதினாலும் பொய். இரண்டு பொய்யை வைத்துக்கொண்டு அந்த அம்மாளுக்கு எதைச் சொல்வது?

நீராவி பாய ஆரம்பித்தது. கரைசலைக் குடுவையில் ஊற்றி, ஒரு கரண்டி வெள்ளைப் பொடியைப் போட்டு மூடினாள். முதல் வடிப்பில் கரைசலிலிருக்கிற அமோனியா மட்டும் வெளியேறும், அதைத் தூக்கிக் கொட்டிவிடலாம். அப்புறம் சாம்பல் நிறப் பொடி போட்டால்தான் நைட்ரேட் அமோனியாவாக மாறிக் கிளம்பும். ஆக நாலு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். சும்மா நின்றால் பதினெட்டு புள்ளி மூன்று வந்துவிடும். வந்துவிட்டது. கல்லூரி மூன்றாம் வருஷம், கடைசிப் பிராக்டிகல் பரீட்சை, நீளமான மேஜையில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு பியூரெட். அட்டெண்டர் பாட்டிலை வைக்கிற சாக்கில் ஒவ்வொருத்தியிடமும் குனிந்து, "இருவது புள்ளி ஒண்ணும்மா" என்று சொல்லிக்கொண்டே போனார். வருஷா வருஷம் நடக்கிற உபகாரம், புரொபசருக்கும் தெரியும். பதினோரு பேர் இருபது, இருபது புள்ளி ஒன்று, இருபது புள்ளி ஒன்று என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியே பராக்குப் பார்த்தார்கள். இவளுக்குப் பதினெட்டு புள்ளி மூன்று வந்தது. வந்ததை எழுதினாள். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் அதைச் சிவப்பில் வட்டம் போட்டு, இவளைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனார். பாஸ் மார்க் வந்தது, எம்.எஸ்ஸி. சீட் வரவில்லை. "எல்லாரும் எழுதுனதை எழுதறதுக்கு உனக்கு என்ன நோவு?" என்றான் அண்ணன். கல்யாணமாகிப் புருஷனிடம் அதைச் சொல்லப்போக, அது வீட்டுக்குள் ஒரு பட்டப் பெயராகவே ஆகிவிட்டது. இவள் எதிலாவது பிடிவாதம் பிடித்தால், "ஆரம்பிச்சுட்டா பதினெட்டு புள்ளி மூணு" என்று அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். சிரிப்பாள். ஆனால் இருபத்து நாலு வருஷமாக அவளை அரிக்கிறது அந்த மார்க் அல்ல. அன்று நேரம் இருந்தது, பாட்டிலில் கரைசலும் இருந்தது, இன்னொரு முறை செய்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அட்டெண்டர் குனிந்ததைப் பார்த்ததும் கோபம் வந்து, வந்ததை எழுதி, பேனாவை மூடிவிட்டாள். பிப்பெட்டில் ஒரு குமிழி இருந்திருந்தால்? பாட்டிலே மாறியிருந்தால்? அவள் சரியா, மற்ற பதினோரு பேரும் சரியா? உண்மைக்காக நின்றாளா, வெறும் வீம்புக்கு நின்றாளா? அது இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை.

நாலு நிமிஷம் ஆயிற்று. முதல் பிளாஸ்க்கை எடுத்துக் கொட்டிவிட்டு, புதிய பிளாஸ்க்கில் போரிக் ஆசிட்டை அளந்து ஊற்றி, கண்டென்சரின் மூக்கு அதில் முங்குகிற மாதிரி வைத்தாள். நன்னாரி சர்பத்தில் தண்ணீரைத் தாராளமாக விட்டால் ஒரு நிறம் வருமே, அந்த இளஞ்சிவப்பு. அமோனியா வந்து சேர்ந்தால் பச்சையாகும். வராவிட்டால் இப்படியே இருக்கும். காலையில் தாள் இல்லாமல் கரைசலையும் பொடிகளையும் மட்டும் வடித்துப் பார்த்தபோது இப்படியேதான் இருந்தது. அதனால் இப்போது மாறினால் வேறு யார்மேலும் பழி போட முடியாது. மாறாதே, என்று சொல்லிக்கொண்டே சாம்பல் பொடியைக் குடுவைக்குள் தட்டினாள். குடுவை புஸ்ஸென்று நுரைத்தது. மாறாமல் இருந்தால் இப்போதே நிமிர்ந்து நடந்துபோய் அந்தக் காகிதத்தை அவர் மேஜைமேல் போட்டுவிடுவாள். சார், என் கை ஆடவில்லை, உங்கள் குச்சிதான் ஆடுகிறது என்று சொல்வாள், எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாயிற்று. மாறிவிட்டால்? மாறிவிட்டால் அவர் ஒன்றும் கத்தமாட்டார். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவர் சிரிப்பார். பதினேழு மண்ணில் தப்புப் பண்ணின நீங்கள் அந்த ஆறில் மட்டும் எப்படிங்க சரி என்பார். சங்கத்தில் ஒப்பந்தம் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை, சித்திரை வந்தால் பத்தொன்பது வருஷம்; அடுத்த முறை புதுப்பிக்கும்போது, அம்மாவுக்கு வயசாகுது, உரக் கிடங்கில் உட்கார்ந்து மூட்டைக்குச் சீட்டுக் கொடுக்கட்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும். இங்கே வேறு யாரும் இல்லை. பச்சையானால் பிளாஸ்க்கை எடுத்துக் குழாயடியில் கவிழ்த்துவிடலாம். இரண்டு எட்டு வைத்தால் தொட்டி. குழாயைத் திறந்தால் பத்து விநாடி. அப்புறம் தாளைப் பற்றி இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது, அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிற சட்டத்துக்கு மட்டும் தெரியும்.

சொட்டு விழுந்தது. ஒன்றுமில்லை. இன்னொன்று, இன்னொன்று. அவள் எண்ண ஆரம்பித்து, முப்பதில் விட்டுவிட்டு, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினாள். சிவப்பு அப்படியே இருந்தது. இருக்கிறதல்லவா? வெள்ளைத் தாள் ஒன்றை அடியில் நகர்த்திப் பார்த்தாள். ஓரத்தில், கண்ணாடி மூக்கைச் சுற்றி, சிவப்பு கொஞ்சம் அழுக்கான மாதிரி இருந்தது, சிவப்பும் இல்லை, வேறெதுவும் இல்லை, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி. வெளிச்சம்தான். டியூப்லைட் ஒரு வாரமாகக் கண் சிமிட்டுகிறது, மாற்றச் சொல்லி எழுதிக்கூடக் கொடுத்தாள். கண்ணை மூடித் திறந்தாள். பச்சை. இனிமேல் யாரும் அதைச் சிவப்பு என்று சொல்ல முடியாது, நல்ல இளம்பச்சை, பார்க்க அழகாகக்கூட இருந்தது. அட பாவி, என்று சத்தமாகவே சொன்னாள், தன்னைத்தான். அட பாவி, கழுவவில்லை நீ. ஊருக்கெல்லாம் சட்டம் எழுதி ஒட்டத் தெரிந்தது, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வீட்டுக்குப் போகிற அவசரத்தில் ஒரு கட்டுத் தாளை அலச வலித்தது. பிளாஸ்க்கின் கழுத்தைப் பிடித்து எடுத்தாள். கால் தொட்டியைப் பார்த்துத் திரும்பியதை அவள் உணர்ந்தாள். ஒரு எட்டு வைத்தும்விட்டாள். குழாயில் ஒரு சொட்டு நின்றுகொண்டிருந்தது. அங்கேயே நின்றாள். கவிழ்த்தால் என்ன ஆகும்? மறுபடி ஒரு இருபத்து நாலு வருஷம். அன்றாவது தெரியாது, சரியாக இருந்திருக்கலாம் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்தது. இன்று தெரிந்துவிட்டது. தெரிந்ததைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, கருவி பொய் சொல்கிறது என்று எந்த வாயால் போய்ச் சொல்வது? அட்டெண்டர் குனிந்து இருபது புள்ளி ஒன்று என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், தன் காதில் தானே குனிந்து சொல்லிக்கொள்வதைத் தவிர? முடியாது. தப்புத்தான். தப்பென்றால் எவ்வளவு தப்பு? அளந்துவிடுகிறேன், என்று பல்லைக் கடித்துக்கொண்டு பியூரெட்டுக்கு அடியில் பிளாஸ்க்கை வைத்தாள்.

பச்சையை மறுபடி சிவப்பாக்க எத்தனை ஆசிட் செலவாகிறதோ அத்தனைதான் தாளின் குற்றம். சொட்டுச் சொட்டாக விட்டாள், சுழற்றினாள். இப்போது கை ஆடவே இல்லை, அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. லேசாகச் சிவப்புத் தட்டியதும் நிறுத்தி, அளவைக் குறித்து, கணக்குப் போட்டாள். நாலு. கிலோ மண்ணுக்கு நாலு மில்லிகிராம் என்று வந்தது. அவள் பென்சிலை அப்படியே வைத்துக்கொண்டு அந்த நாலைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் காகிதத்தை இழுத்து, தன் எண்கள் இருந்த வரிசையில் பதினாலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்க ஆரம்பித்தாள். பதினாலாம் எண்: இருபத்தைந்தில் நாலு போனால் இருபத்தொன்று. கருவி சொன்னதும் இருபத்தொன்று. பதினைந்தாம் எண்: பதினெட்டு, கருவியும் பதினெட்டு. பதினாறாம் எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். நல்ல தண்ணீர்க் காடுகள் பதினொன்றிலும் இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன. சபாஷ், என்றாள் அந்த மூடிக்கிடந்த கருவியைப் பார்த்து. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, குற்றம் என்னுடையது. அப்புறம் உப்புக் காடுகள் ஆறு. இருபத்தேழாம் எண்: பதினாலில் நாலு போனால் பத்து. கருவி முப்பத்தெட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் தப்பை நேற்று இரவிலிருந்து தனக்கு எதிரான சாட்சி என்றே நினைத்து நடுங்கிக்கொண்டிருந்தாளே, அந்தத் தப்பு கருவிக்குத்தான் இத்தனை நாளும் முட்டுக் கொடுத்திருக்கிறது. கழுவாத தாள் நாலைக் கூட்டியதால்தான் இடைவெளி அந்த மட்டுக்காவது குறைந்திருந்தது. இப்போது ஆறிலும் இன்னும் அகலமாகிவிட்டது. ஆறும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். கை ஆடினால் ஆறு தடவையும் வாய்க்காலைப் பார்த்தா ஆடும்?

டாக்டர் கோகுலவாசன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். பன்னிரண்டாக ஐந்து நிமிஷம் இருந்தது. அவரும் கெட்டவர் இல்லை. இந்தக் கருவிக்காக இரண்டு வருஷம் சங்கத்துக்கும் ஆபீஸுக்கும் செருப்புத் தேய நடந்தவர், நாளைக்குத் திறப்பு விழா என்று புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அதெல்லாம் சம்பூர்ணத்துக்குத் தெரியும். தெரிந்ததால் குரல் ஒன்றும் இறங்கிவிடவில்லை.

"சார், தப்பு என்னுது. பதினாலுலேர்ந்து முப்பது வரைக்கும் தாளைக் கழுவாம வடிகட்டிட்டேன். எல்லாத்துலயும் நாலு கூடிப் போச்சு. இப்பத்தான் அளந்து பார்த்தேன்."

அவர் முகம் மலர்ந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே. பரவாயில்லை மேடம், யாருக்கும் வர்றதுதான். ரிப்போர்ட்டுல அதையெல்லாம் எழுத வேண்டாம். கையெழுத்தைப் போடுங்க, முடிச்சுடுவோம்."

"எழுதிட்டேன் சார்."

அவர் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். மேலே இருந்த ஒற்றை வரியை ஒரே கோடாக அடித்திருந்தாள். அதற்கு மேல், மையில்: பதினாலு முதல் முப்பது வரை நான் வடிதாளைக் கழுவவில்லை, நாலு கழிக்கப்பட்டது. அதற்குக் கீழே: நல்ல தண்ணீர் மண் இருபத்து நாலில் கருவி சரி. உப்புத் தண்ணீர் மண் ஆறில் கருவி தவறு. அந்த மண்ணை வடித்தே அளக்க வேண்டும். 'ஒப்பிட்டுப் பார்த்தவர்' என்ற கோட்டின்மேல் முழுப் பெயர், தேதி.

"இதை நான் எப்படிங்க தலைவர்கிட்ட காட்டுவேன்?" என்றார். இப்போது சிரிக்கவில்லை. "நான் தப்புப் பண்ணினேன்னு முதல் வரியிலயே எழுதிட்டு அடுத்த வரியில மெஷின் தப்புங்கறீங்க. யார் நம்புவா? உங்க பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். ரெண்டும் நடந்திருக்கு, ரெண்டையும் எழுதியிருக்கேன். நம்பலைன்னா அந்த ஆறு மண்ணும் பின்னால பையில இருக்கு, யாரை வேணும்னாலும் வடிக்கச் சொல்லுங்க. தாளை மட்டும் கழுவிக்கச் சொல்லுங்க."

"புதுசா ஒரு காகிதம் அடிச்சுத் தர்றேன். நிதானமா யோசிச்சு..."

"ரெஜிஸ்டர்லயும் எழுதிட்டேன் சார். பக்க நம்பர் போட்ட ரெஜிஸ்டர்."

அவர் ரெஜிஸ்டரைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், மூடி போட்ட தன் பேனாவைப் பார்த்தார். பிறகு காகிதத்தை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே வெளியே போனார். அவர் அதை என்ன செய்யப்போகிறார் என்று அவளுக்குத் தெரியாது. சித்திரையில் உரக் கிடங்கோ என்னவோ, அதுவும் தெரியாது. அட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி, இருபத்தேழு என்று போட்டு, நைட்ரேட் என்ற இடத்தில் பத்து என்று கையாலேயே எழுதிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

மாராத்தாள் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "என்னுங்க அம்மிணி, போடட்டுமா வேண்டாமா? பன்னெண்டே காலுக்குப் பஸ்ஸு."

"போடுங்கக்கா. நாளைத் தண்ணியிலயே போட்டுருங்க. ஏக்கருக்கு அரை மூட்டை."

மாராத்தாள் அட்டையை வாங்கவில்லை. உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அந்தப் புது மிசினு வேண்டாங்குதாமா? உள்ள நீங்க ரெண்டு பேரும் பேசுனது எல்லாங் கேட்டுட்டுத்தான் இருந்தேன். உங்குளுதுந் தப்புன்னு நீங்களே சொன்னீங்க. அப்பறம் நான் ஆரு பேச்சைக் கேக்கறது?"

சம்பூர்ணம் அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். "என்னுது தப்புத்தாங்கக்கா. பதினாலுன்னு எழுதியிருந்தேன். இன்னிக்குத் திரும்பவும் பார்த்தேன். பத்துதான்."

"நீங்களே திரும்பப் பாத்தீங்களா?"

"நானேதான்."

"ஆராச்சும் பாக்கச் சொன்னாங்களா?"

"யாருஞ் சொல்லலீங்க."

மாராத்தாள் கையை நீட்டினாள். "அப்பச் செரி" என்று அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.